புது ரிங்குக்குப் பொறுமை மட்டும் போதாது

என்ஜினை இறக்கி வேலை பார்த்த காரைப் பட்டறையிலிருந்து எடுத்து வரும்போது, மெக்கானிக் சொல்லி அனுப்புவது பெரும்பாலும் ஒன்றுதான்: “முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு நாற்பதைத் தாண்டாதீங்க சார், தானா செட்டாயிடும்.” சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், வீட்டு வாசலில் மணிக்கணக்காக ஐட்லிங்கில் விடச் சொல்வார்கள். ரன்னிங்-இன் என்று நாம் சொல்லும் இந்தப் பழக்கம் என்ஜின்மீது உள்ள அக்கறையில் பிறந்தது. ஆனால் அதில் காப்பாற்ற வேண்டியது பாதி, கைவிட வேண்டியது பாதி. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் அப்படியே பின்பற்றுவதால், ஒழுங்காக வேலை பார்த்த என்ஜின்கூடச் சில மாதங்களில் ஆயில் குடிக்கத் தொடங்குகிறது.

இதைப் புரிந்துகொள்ள அம்பாசடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் என்ஜின் நல்ல உதாரணம். அந்தக் கார் தயாரிப்பு 2014-இல் நின்றுவிட்டாலும், ஆசையாக வைத்துப் பராமரிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். போரிங் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டி, அதை மறுபடி ஓட வைக்கும் பட்டறைகளும் இருக்கின்றன.

லேத்திலிருந்து வந்த பிளாக்கின் சிலிண்டருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சுவர் கண்ணாடிபோல வழவழப்பாக இருக்காது. ஹோனிங் கல் மேலும் கீழும் சுழன்று போன தடம், ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் மெல்லிய சாய்கோடுகளாகத் தெரியும். நகத்தால் வருடினால் லேசான சொரசொரப்பு தட்டுப்படும். அந்தக் கோடுகளின் பள்ளத்தில் ஆயில் தங்குகிறது. மேடுகளோ புது ரிங்கின் விளிம்போடு உரசித் தேய்ந்து, ரிங்கும் சுவரும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. ‘செட்டாவது’ என்று மெக்கானிக் சொல்வது முக்கியமாக இதைத்தான். மேடுகள் கூராக இருக்கும்வரைதான் இந்த உரசல் வேலை செய்யும். அதற்குள் ரிங் பொருந்தவில்லை என்றால் பிறகு பொருந்துவது கடினம்.

பழக்கத்தின் பலத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். புதிதாகக் கோத்த என்ஜினில் உராய்வு அதிகம், அதனால் சூடும் அதிகம். பிஸ்டனில் ஓரிடம் மட்டும் அளவுக்கு மீறிச் சூடேறினால் சிலிண்டர் சுவரில் கீறல் விழும், முற்றினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஆகவே முதல் நாட்களில் அதிக வேகம், அதிக பாரம், நீண்ட மலையேற்றம் மூன்றையும் தவிர்க்கச் சொல்வது முழுக்கச் சரி. மெதுவாக ஓட்டுகிறவர் டெம்பரேச்சர் முள்ளைக் கவனிக்கிறார், எங்கே ஆயில் கசிகிறது என்று குனிந்து பார்க்கிறார், புதுச் சத்தம் கேட்டால் நிறுத்துகிறார். இந்த மாதிரிப் பழைய என்ஜின்களில் ஒருமுறை சூடேறி ஆறிய பிறகு ஹெட் போல்ட்டுகளை மறுபடி முறுக்கி, டேப்பெட் இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். அந்த வேலைகள் விட்டுப்போகாமல் நடப்பதும் பெரும்பாலும் இந்தப் பொறுமையால்தான்.

குறை எங்கே என்றால், ஐட்லிங்கில். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த வில்விசை மட்டும் அல்ல. எரியும் வாயு ரிங்கின் பின்பக்கத்துப் பள்ளத்தில் புகுந்து அதை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. என்ஜின் பாரம் இழுக்கும்போது அந்த அழுத்தம் பலமாக இருக்கும். வாசலில் நின்று முனகும்போது சொற்பம். ரிங் அழுத்தமில்லாமல் வழுக்கிப் போக, சுவரில் மிஞ்சும் ஆயில் சூட்டில் வெந்து, ஹோனிங் கோடுகளை நிரப்பிப் பளபளப்பாகப் படிகிறது. அதன் பிறகு ஆயிரம் கிலோமீட்டர் என்ன, பத்தாயிரம் ஓட்டினாலும் பெரிதாக மாறாது. சைலன்சரில் நீலப் புகை, டிப்ஸ்டிக்கில் இறங்கிக்கொண்டே போகும் அளவு, கடைசியில் மறுபடி என்ஜினைப் பிரித்து ஹோனிங் போட வேண்டிய செலவு. இத்தனையும் என்ஜினைக் காப்பாற்றுவதாக நினைத்துச் செய்ததன் விளைவு.

இது கார் பட்டறைக்கு மட்டும் உரிய விஷயம் அல்ல. லைகமிங் நிறுவனம் தன் விமான பிஸ்டன் என்ஜின்களைப் புதுப்பித்த பின் முதல் மணி நேரப் பறத்தலை 75 சதவீத சக்தியில் நடத்தச் சொல்கிறது. தரையில் நிறுத்தி ஓட்டுவதைக் குறைக்கச் சொல்கிறது. அவை காற்றால் குளிரும் என்ஜின்கள் என்பதால் அந்த எண்களைக் காருக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் ரிங் பொருந்த அழுத்தம் வேண்டும் என்ற அடிப்படை இரண்டுக்கும் ஒன்றே.

அம்பாசடர் என்ஜினில் ஐட்லிங்கால் வரும் இரண்டாவது ஆபத்து இன்னும் வேகமானது. இதன் டேப்பெட்டுகள் கேம் ஷாஃப்ட்டின் மேடுகள்மீது நேரடியாக வழுக்குபவை. அங்கே ஆயில் போய்ச் சேருவது பெரும்பாலும் கிராங்க் சுழலும்போது தெறிக்கும் தெறிப்பால். ஐட்லிங்கில் தெறிப்பு குறைவு, மேட்டின் நுனியில் ஸ்பிரிங் அழுத்தமோ உச்சத்தில். புது கேம் போட்ட என்ஜினை ஸ்டார்ட் செய்த உடனே நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் ஏற்றி, 20 முதல் 30 நிமிடம் கொஞ்சம் ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும் என்பது இதனால்தான். ஆயிலும் முக்கியம். இந்த உரசலைத் தாங்க உதவும் துத்தநாக–பாஸ்பரஸ் சேர்மம், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பதால் 2004-க்குப் பின் வந்த பெட்ரோல் ஆயில் தரங்களில் குறைக்கப்பட்டது. நவீன காருக்கு ஏற்ற விலையுயர்ந்த சிந்தெடிக் ஆயில், பழைய கேமுக்கு முதல் நாளில் ஏற்றதல்ல. அந்தச் சேர்மம் போதுமான அளவு உள்ள மினரல் ஆயிலே பொருத்தம்.

அப்படியானால் ‘முதல் நாளே மிதித்துவிடு’ என்கிற எதிர்த்தரப்பு சரியா? பாதிதான் சரி. பாரத்தையும் சுற்று வேகத்தையும் அவர்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். ரிங்குக்கு வேண்டியது சிலிண்டர் அழுத்தம். வேகமானி முள்ளைக் கடைசிவரை தள்ளுவது அல்ல. என்ஜின் நன்றாகச் சூடான பிறகு காலியான சாலையில் மூன்றாவது கியரில் முப்பதிலிருந்து ஐம்பதுவரை நிதானமான அழுத்தத்தோடு இழுத்து, பிறகு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து வண்டியைத் தானாக வேகம் குறைய விட வேண்டும். இழுக்கும்போது ரிங் அழுந்தும். காலை எடுக்கும்போது சிலிண்டருக்குள் உருவாகும் வெற்றிடம் சுவருக்கு ஆயிலை இழுத்துக் குளிர்விக்கும். இதைப் பல தடவை செய்தால், ஐட்லிங்கில் ஒரு நாள் முழுக்க நடக்காதது ஒரு மணி நேரத்தில் நடந்துவிடும். ஒரே வேகத்தில் நூறு கிலோமீட்டர் உருட்டுவதும் இதற்கு ஈடாகாது.

முதல் ஸ்டார்ட்டையும் ஓட்டத்தையும் வீட்டில் நாமே செய்வதில் ஒரு பெரிய நன்மை, அவசரம் இல்லாதது. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் ஏறும்வரை செல்ஃப் அடித்து, பேரிங்குகளுக்கு ஆயில் போன பிறகே ஸ்டார்ட் செய்யலாம். முதல் ஓட்டம் முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றலாம். வடித்த ஆயிலை வெள்ளைத் தட்டில் ஊற்றி, அடியில் காந்தத்தை நகர்த்திப் பார்த்தால் நிறையத் தெரியும். காந்தத்தோடு நகரும் மெல்லிய சாம்பல் நிறத் தூள் ரிங்கும் சுவரும் பொருந்தியதன் மிச்சம், அது எதிர்பார்த்ததே. கண்ணுக்குத் தெரியும் செதில்களோ, காந்தத்துக்கு அசையாத செம்பு நிற மினுக்கமோ இருந்தால் பேரிங்கைச் சந்தேகித்து அங்கேயே நிறுத்த வேண்டும். ஆயிரம் கிலோமீட்டர்வரை அதே ஆயிலில் ஓட்டச் சொல்லும் வழக்கம் இந்த எச்சரிக்கையை நமக்குத் தெரியாமல் செய்துவிடுகிறது. வீட்டில் செய்கிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது காற்றோட்டம். மூடிய ஷெட்டில் ஓடும் என்ஜினின் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

இந்தப் பழக்கத்தின்மேல் எனக்குள்ள பெரிய வருத்தம் வேறு. மோசமான வேலைக்கு அது மறைவிடமாகிறது. செல்ஃப் மோட்டார் திணறும் அளவுக்கு என்ஜின் இறுக்கமாக இருந்தால் ‘நல்ல டைட்டா கட்டியிருக்கோம், ஓட ஓட லூசாகும்’ என்கிறார்கள். சரியான இடைவெளியோடு கோத்த என்ஜின் முதல் நாளிலேயே பிடிவாதமில்லாமல் சுழல வேண்டும். தேய்ந்து சரியாகட்டும் என்று விட்டால் தேய்வது நம் பணம். பிறகு புகை வந்தால், ‘நீங்க ரன்னிங்-இன் ஒழுங்கா பண்ணல’ என்ற ஒரு வாக்கியத்தில் பழி உரிமையாளர்மேல் விழுகிறது. போரிங் அளவு, பிஸ்டன் இடைவெளி, ரிங் இடைவெளி, கிராங்க் கிரைண்டிங் அளவு ஆகியவற்றை எழுதி வாங்கிக்கொள்வது ஒன்றே இதற்கு மருந்து. ஓட்டுகிற விதத்தால் நல்ல வேலையைக் கெடுக்க முடியும். கெட்ட வேலையைத் திருத்த முடியாது.

எனவே இந்தப் பழக்கத்தில் உள்ள கவனத்தையும் சூட்டைப் பற்றிய பயத்தையும் வைத்துக்கொள்வோம். வாசலில் மணிக்கணக்காக ஓட விடுவதையும், ஆயிரம் கிலோமீட்டர்வரை ஆயிலைத் தொடாமல் இருப்பதையும் விட்டுவிடுவோம். புது என்ஜினின் ஆயுளில் பெரும்பகுதியை முதல் சில மணி நேரம் தீர்மானிக்கிறது. அந்த நேரத்தில் உரிமையாளர் செய்ய வேண்டியது காத்திருப்பது அல்ல, அளந்து வேலை வாங்குவது.