மூலத்துக்கும் பூராடத்துக்கும் நடுவே

ஆடி அமாவாசை இரவில் மேகம் விலகினால் அந்த வாய்ப்பை விட்டுவிடாதீர்கள். நாமக்கல் கோழிப்பண்ணை விளக்குகளுக்குத் தள்ளி, மோகனூர்க் காவிரிக் கரை போன்ற திறந்த இடத்தில், ஒன்பது பத்து மணிவாக்கில் தெற்கே பார்த்து நில்லுங்கள். தேள்போல் வளைந்து கிடப்பது விருச்சிகம். அதன் கொடுக்கில் இருப்பது மூலம். இடப்புறம் தனுசு ராசியில் பூராடம். இரண்டுக்கும் நடுவே பால்வழி தடித்துப் புடைத்திருக்கும் பக்கம்தான் நம் விண்மீன் மண்டலத்தின் மையம். 26,000 ஒளியாண்டுத் தொலைவு. லண்டன்காரருக்கு அது அடிவானத்திலிருந்து 10 டிகிரிகூட எழும்பாது. நாமக்கல்லில் ஏறக்குறைய 50 டிகிரி உயரத்தில் நிற்கும்.

மையத்தை நேரே காண முடியாது. இடையில் அவ்வளவு தூசு. காமா கதிர்களைத் தூசு தடுக்காது, ஆனால் நம் காற்றுமண்டலம் தடுத்துவிடும். அதனால்தான் 2008 ஜூனில் ஃபெர்மி தொலைநோக்கியை விண்ணுக்கு அனுப்பினார்கள். அதன் தரவில் 2009-ல் இயற்பியலாளர்கள் லிசா குட்இனஃபும் டான் ஹூப்பரும் ஒரு மிகுதியைக் கண்டார்கள். மையத்தைச் சுற்றி, தெரிந்த மூலங்கள் தருவதைவிடக் கூடுதலான காமா ஒளி.

இந்தக் கண்டுபிடிப்பை ரசிக்க முதலில் கழித்தலை ரசிக்க வேண்டும். அண்டக் கதிர்கள் வாயுவில் மோதி எழுப்பும் ஒளியைக் கழி, தெரிந்த மூலங்களைக் கழி, பின்னணியைக் கழி. மிஞ்சுவது சில ஜிகா எலக்ட்ரான் வோல்ட் அளவில் உச்சம் கொள்கிறது. கண் காணும் ஒளித்துகளைவிட ஏறக்குறைய நூறு கோடி மடங்கு ஆற்றல் அது. கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டுமே தன்னைக் காட்டும் கரும்பொருளின் துகள்கள் இரண்டு மோதி அழிந்தால் இப்படி ஒளி வரலாம். மையத்தில் அவை நெருங்கிக் கிடப்பதால் ஒளி அங்கே கூடி, விலக விலகக் குறைய வேண்டும். குறையவும் செய்கிறது.

ஆனால் மில்லிசெகண்ட் பல்சர்களும், அதாவது நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை சுழலும் இறந்த விண்மீன்களும், இதே நிற ஒளியைத் தரும். பனி படர்ந்த இரவில் ஏற்காடு லேடீஸ் சீட்டிலிருந்து சேலத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சிக்கல் உடனே புரியும்: கீழே தெரிவது ஒரே ஒளிப்படலமா, ஆயிரம் விளக்குகளா? படலம் என்றால் கரும்பொருள். விளக்குகள் என்றால் பல்சர்.

2015-ல் இரண்டு குழுக்கள், ஒளித்துகள்கள் புள்ளி புள்ளியாகக் குவிவதாகச் சொல்லி, விளக்குகள் பக்கம் தீர்ப்பளித்தன. அதில் ஒரு குழுவில் இயற்பியலாளர் டிரேசி ஸ்லாட்டியர் இருந்தார். அவரே 2019-ல் ரெபெக்கா லீனுடன் சேர்ந்து தம் முறையைச் சோதித்தார். தரவுக்குள் செயற்கையாகக் கரும்பொருள் ஒளியைக் கலந்து கொடுத்தபோது, அந்த முறை அதையும் புள்ளிகள் என்றே சொன்னது! இந்தக் கதையில் நான் மிகவும் நேசிக்கும் இடம் இதுதான். தாம் வென்ற வழக்கை மறுபடி திறக்க அசாத்திய நேர்மை வேண்டும்.

என் மனம் பல்சர் பக்கமே கொஞ்சம் சாய்கிறது. மிகுதியின் வடிவம், மையத்திலுள்ள முதிய விண்மீன் கூட்டத்தின் வடிவத்தை ஒத்திருப்பதாக வந்த ஆய்வுகள் ஒரு காரணம். குறு மண்டலங்கள் எனப்படும் சிறு விண்மீன் மண்டலங்கள் இன்னொன்று. அங்கே கரும்பொருள் நிறைய, விண்மீன்கள் குறைவு. கரும்பொருள் அழிவதானால் அங்கும் ஒளிர வேண்டும். ஃபெர்மி இதுவரை அங்கே உறுதியான ஒளி எதையும் காணவில்லை.

இனி செய்தியில் ‘கரும்பொருள் சிக்கியது’ என்று படித்தால், எதையெல்லாம் கழித்தார்கள் என்று தேடுங்கள். பிறகு, அந்த மில்லிசெகண்ட் பல்சர்களில் எத்தனை ரேடியோ அலையில் தனித்தனியாகப் பிடிபட்டன என்று பாருங்கள். ஃபெர்மி கண்டு அடையாளம் தெரியாமல் விட்ட புள்ளிகளில் சிலவற்றை, புனே அருகே கோடத் கிராமத்திலுள்ள ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி ஏற்கெனவே பல்சர்கள் என்று காட்டியிருக்கிறது. மையத்தில் அப்படிப் போதுமான எண்ணிக்கை கிடைத்தால் வழக்கு முடியும்.