ஆனியும் இடெமிலியும் : அச்சேபே புதினங்களில் பெண்தெய்வக் குறியீடு

ஆப்பிரிக்கத் தொன்மங்களைப் பற்றி எழுதப் புகுவோருள் பலர், அப்பெருநிலம் முழுமைக்கும் ஒரே தாய்த்தெய்வம் இருந்ததுபோற் பேசுகின்றனர். எகிப்தியரின் ஐசிசும் யொருபா மக்களின் ஓசுனும் இக்போ மக்களின் ஆலாவும் அவர்தம் கட்டுரைகளில் ஒரே வரியில் இடம்பெறுவர். நம் மாணாக்கரோ கொற்றவையையும் கொணர்ந்து அருகே நிறுத்திவிடுகின்றனர். ஒப்பிடுதல் வேறு, ஒன்றாக்குதல் வேறு. ஆதலின், நைசீரியாவின் தென்கிழக்குப் பகுதியில் வாழும் இக்போ மக்களின் தெய்வங்கள் இரண்டனை மட்டும், சினுவா அச்சேபே (1930–2013) இயற்றிய புதினங்கள் மூன்றன் வழியாக ஈண்டு நோக்குவோம்.

ஆலா என்பது நிலமகள். ஆனி, ஆனா என்பன வட்டார வழக்குகள். விளைவு தருபவளும் இறந்தோரைத் தன்னுள் ஏற்பவளும் அவளே. அறத்திற்குக் காவலும் அவளே. குற்றம் பெரிதாயின் அதனை 'நிலத்திற்கு இழைத்த தீமை' என்றே அம்மக்கள் கூறுவர். ஓவெரிப் பகுதியினர் அவளுக்கு 'ம்பாரி' என்னும் மனை எழுப்பி மண்ணுருவங்களால் நிறைப்பர். கட்டி முடித்தபின் அதனைப் பழுதுபாராது மண்ணோடு மண்ணாகச் சிதைய விட்டுவிடுவர். நிலமகளுக்கு இதனினும் பொருந்திய படையல் வேறு யாதோ!

1958ஆம் ஆண்டில் வெளிவந்த 'திங்ஸ் ஃபால் அப்பார்ட்' என்னும் புதினத்தை வெள்ளையர் வருகையால் ஒரு குமுகாயம் சிதைந்த கதையாகவே பெரும்பாலோர் பயில்கின்றனர். அஃது உண்மையே, ஆயினும் முழு உண்மை அன்று. தலைவன் ஒக்கோங்க்வோவின் வீழ்ச்சிப் படிகளை எண்ணிப் பார்ப்பின், ஒவ்வொன்றும் ஆனிக்கு எதிரான பிழையாகவே அமைந்திருத்தல் புலனாகும். விதைப்பிற்கு முன்னர் அவள்பொருட்டுக் காக்கப்பெறும் அமைதி வாரத்தில் இளைய மனைவியை அடிக்கிறான். பெண்ணாடு ஒன்றும் பெட்டைக்கோழி ஒன்றும் துணியும் நூறு சோழிகளும் தண்டமாகின்றன. தன்னைத் தந்தையென அழைத்த சிறுவன் இக்கெமெபூனாவைத் தன் கையாலேயே வெட்டுகிறான். இத்தகைய செயலுக்கு நிலமகள் குடும்பங்களையே அழிப்பாள் என நண்பன் ஒபியெரிக்கா இடித்துரைக்கிறான். பின்னர்த் துப்பாக்கி வெடித்து இளைஞன் ஒருவன் மடிய, ஏழாண்டு ஊர் நீங்குகிறான். இறுதியில் தூக்கிட்டுக்கொள்கிறான், அதுவும் நிலத்திற்குத் தீட்டாதலின் அவன் உடலை உறவினர் தொடுதலும் கூடாதாயிற்று. வெள்ளையன் வருமுன்பே வழக்கு தொடங்கிவிட்டது. அதன் நடுவர் ஆனி.

இவற்றுள் மூன்றாவது நிகழ்ச்சி ஊன்றி நோக்கத்தக்கது. அறிந்து செய்த கொலை 'ஆண் குற்றம்' எனவும் அறியாது நேர்ந்தது 'பெண் குற்றம்' எனவும் அங்கே வகுக்கப்பெறுகின்றன. பெண்மை என்னும் சொல் இங்கே பெண்டிரைச் சுட்டவில்லை. கடுமை தணிந்த நிலையைச் சுட்டுகிறது. பெண்மையைத் தன் வாழ்நாள் முழுதும் அஞ்சி ஒதுக்கியவன், அதே சொல்லின் தயவால் உயிர் பிழைத்துத் தாய்வீட்டு ஊராகிய ம்பாண்டாவில் அடைக்கலம் பெறுகிறான். அங்கே தாய்மாமன் உச்செண்டு, 'ந்நெக்கா' என்று பெண்மக்களுக்குப் பெயரிடுவது ஏன் என அவனை வினவுகிறான். 'தாயே தலை' என்பது அப்பெயரின் பொருள். ஒக்கோங்க்வோவுக்கு விடை தெரியவில்லை.

இதனைக் கொண்டு, தாய்த்தெய்வம் இருந்தமையால் பெண்டிர் உயர்ந்திருந்தனர் என முடிவு கூறுதல் பொருந்துமா? பொருந்தாது என்பதே எம் கருத்து. ஆனியின் பூசாரி ஆண். குகையிலிருந்து குறி கூறும் அக்பாலாவுக்குப் பூசாரி பெண்ணே. ஆயினும் 'அக்பாலா' என்னும் அதே சொல், பட்டம் பெறாத ஆடவனைப் பழிக்கும் வசைச்சொல்லாகவும் வழங்குகிறது. ஒக்கோங்க்வோவின் மூத்த மனைவிக்கோ கதை முழுதும் பெயரே இல்லை. அவள் 'ந்வோயேயின் தாய்' மட்டுமே. மகன் பெயரால் தாயை அழைத்தல் மதிப்பு எனலாம். நம் ஊர்களிலும் அவ்வழக்கு உண்டு. எனினும் தாயாகாத நிலையில் அவள் யார் என்ற வினாவிற்குப் புதினம் விடை தரவில்லை.

இனி இடெமிலி. இது நீரின் தெய்வம். மலைப்பாம்பு இதற்கு உரியது. 1964இல் வந்த 'ஆரோ ஆஃப் காட்' புதினத்தில் இத்தெய்வம் ஆண்பாற் சுட்டால் குறிக்கப்பெறுகிறது. இக்போ மொழியின் படர்க்கை ஒருமைச் சுட்டுப்பெயர் ஆண்பால் பெண்பால் பகுப்பற்றது என்பதை நாம் மறத்தல் ஆகாது. தாய்மொழியில் திறந்திருந்த ஒன்றை ஆங்கிலத்தில் எழுதுங்கால் மூட வேண்டியதாயிற்று. (தெய்வம் குறித்த சொற்களுக்குத் தமக்கென ஈறு இல்லை, அவை உயர்திணைப் பாலீறு பெற்று இசைக்கும் என்ற தொல்காப்பியர், இம்முடிச்சை உணர்ந்திருப்பார்.) ஆயினும் மொழியின்மீதே பழி முழுவதையும் சுமத்துதல் இயலாது, இரண்டனுள் ஒன்றைத் தேர்ந்தவர் ஆசிரியரே. ந்நோபி என்னும் ஊரை ஆராய்ந்த இஃபி அமாடியூமே, அங்கே இடெமிலி பெண்தெய்வமாகவே வழிபடப்பெறுவதையும், அவளைச் சார்ந்த 'எக்வே' பட்டத்தால் மகளிர் தலைமை எய்தியதையும் 1987இல் எழுதி, அச்சேபே அவளை ஆணாக்கியதைக் கண்டித்தார்.

அதே 1987இல் வெளிவந்த 'ஆன்ட்ஹில்ஸ் ஆஃப் தி சவன்னா'வில் இடெமிலி கடவுளின் மகளாக, செருக்குற்ற அதிகாரத்தின் இடையில் அடக்கம் என்னும் ஆடையைச் சுற்ற இறங்கி வருகிறாள். இரு நூல்களும் ஓராண்டினவாதலின், ஒன்று மற்றதற்கு விடையாக எழுந்தது எனல் அரிது. ஆசிரியர் தாமே தம் பழைய எழுத்தைத் திருத்திக்கொண்டார் எனக் கொள்வதே முறை.

இப்புதினத்தின் தலைவி பியாட்ரிசுக்கு இக்போப் பெயர் ஒன்றும் உண்டு : 'ந்வாஞிபுய்ஃபே'. 'பெண்ணும் ஒரு பொருளே' என்பது அதன் பொருள். முன்னைய புதினத்தின் 'தாயே தலை' என்னும் பெயரை இதனருகே வைத்து நோக்குக. தாய்க்குத் தலைமை, பெண்ணுக்கோ ஓர் 'உம்'மை! அச்சேபேயின் பெண்தெய்வக் குறியீடு முழுவதும் இவ்விரு பெயர்களின் இடைவெளியிலேயே இயங்குகிறது. கதை முடிவில், வழக்கப்படி ஆடவர் நிகழ்த்த வேண்டிய பெயர்சூட்டு விழாவைப் பியாட்ரிசு தானே நிகழ்த்துகிறாள். தந்தையை இழந்த பெண்மகவிற்கு 'அமேச்சினா' என்னும் ஆண்பெயரை இடுகிறாள். வழி அடைபடாதிருப்பதாக என்பது அதன் பொருள்.