வகிடெடுத்துச் சீவுகிறவர்கள்

ஒரு நாயை ஒழுங்காகச் சீவியிருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள நான் அதன் முதுகைப் பார்ப்பதில்லை. முதுகு பளபளக்க ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் போதும். காதுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்ப்பேன். அடுத்து பின்தொடையின் பின்பக்கம், அப்புறம் வால் முளைக்கும் இடம். விரல் எங்கும் தட்டாமல் தோல்வரை போய்விட்டால், அந்த வீட்டில் கைதேர்ந்த ஆள் ஒருவர் இருக்கிறார்.

நான் சொல்வது ஜெர்மன் ஷெப்பர்டை. ராஜபாளையத்துக்கும் சிப்பிப்பாறைக்கும் இந்த வித்தை வேண்டியதில்லை. உடம்போடு ஒட்டிய குட்டை முடி. கையால் நாலு தடவை நீவிவிட்டாலே பாதி வேலை முடிந்தது. ஷெப்பர்டுக்கு முடி இரண்டு அடுக்கு. மேலே நேராக, முரடாக, எண்ணெய்ப் பசையோடு இருப்பது காவல் முடி. மழையும் முள்ளும் அதோடு நின்றுவிடும். அடியில் மெல்லிசாக, நெளிநெளியாக உள்முடி மண்டிக் கிடக்கும். ஒரே துளையில் ஒரு காவல் முடியும் அதைச் சுற்றிப் பல உள்முடிகளும் சேர்ந்து முளைப்பதால்தான் இத்தனை அடர்த்தி. அந்த நெளிவுகளுக்குள் சிறைப்பட்ட காற்றுதான் குளிரைத் தோலுக்கு அண்டவிடாமல் பார்த்துக்கொள்கிறது. கறுப்பும் பழுப்புமாக நிற்கிற நாயைச் சீவினால், வருவதென்னவோ வெளிர்சாம்பல் நிறக் கம்பளி. முதல்முறை பார்ப்பவர்கள், "இது இந்த நாயோடதுதானா?" என்று ஒருதரம் கேட்காமல் இருக்கமாட்டார்கள்.

1899இல் மாக்ஸ் ஃபொன் ஸ்டெஃபனிட்ஸ் இந்த இனத்துக்குப் பதிவேடு தொடங்கியபோது அவர் மனதில் இருந்தது ஆட்டு மந்தையோடு நாளெல்லாம் வெட்டவெளியில் அலையும் ஜெர்மானிய வேலைக்கார நாய். அதைத்தான் நாம் இரண்டாவது மாடி ஃப்ளாட்டில், மின்விசிறிக்கு அடியில் வளர்க்கிறோம்.

முடி கொட்டுவதற்கு வெயில்தான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். வெயிலைவிடப் பெரிய பங்கு பகலின் நீளத்துக்கு. பெர்லினில் டிசம்பர் பகல் 8 மணி நேரத்துக்கும் குறைவு. ஜூனில் 17 மணி நேரத்தை நெருங்கும். அங்கே நாயின் உடம்புக்குப் பருவம் மாறுவது தெளிவாகத் தெரியும். வருஷத்துக்கு இரண்டு முறை கொத்துக்கொத்தாக உதிர்த்துவிட்டு ஓயும். சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். போதாக்குறைக்கு ராத்திரி பதினொன்று வரை ட்யூப்லைட் எரிகிறது. உடம்புக்குக் கணக்குப் பிடிபடுவதில்லை, ஆகவே வருஷம் பூராவும் கொட்டுகிறது. வேட்டியில் முடி, சாம்பாரில் முடி, மொட்டைமாடியில் வடகம் பிழிந்த நாளென்றால் பக்கத்து வீட்டு மாமியோடு பேச்சுவார்த்தையே நின்றுபோகும்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற லைன்மேன் ஒருவர் இருக்கிறார். அவர் சீவுவதைப் பார்ப்பதற்கென்றே நான் விடியற்காலையில் மாடியேறுவதுண்டு. காற்று எழும்புவதற்கு முன்னால், பழைய போர்வை ஒன்றை விரித்து நாயை ஒருக்களித்துப் படுக்க வைப்பார். வளைந்த கம்பிமுனைகள் நெருக்கமாக வைத்த ஸ்லிக்கர் பிரஷ் ஒன்று, அகலப் பல் ரேக் ஒன்று, ஒரு பாதி நெருக்கமாகவும் மறுபாதி இடைவெளிவிட்டும் பல் வைத்த எஃகுச் சீப்பு ஒன்று. அவ்வளவுதான் சாமான். பிரஷைக் கையில் எடுத்ததும் முதலில் தன் முன்கையில் ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்துக்கொள்வார். நாயின் தோல் நம்முடையதைவிட மெலிசு. தனக்குச் சுள்ளென்ற அழுத்தம் அதற்கு ரணமாகும் என்பது அவருக்குத் தெரியும்.

பின்னங்கால் பாதத்துக்கு மேலே ஆரம்பம். இடது உள்ளங்கையால் முடியை மேல்நோக்கித் தள்ளி அழுத்திக்கொள்வார். கைக்குக் கீழே ஒரு வகிடு விழும். வெளுத்த தோல் நூல் கனத்துக்குத் தெரியும். அந்த வகிட்டிலிருந்து ஒரு விரல் அகல முடியை மட்டும் கீழே இறக்கி, வேரிலிருந்து நுனிவரை சீவுவார். அசைவது மணிக்கட்டு மட்டும்தான், முழங்கை சும்மா இருக்கும். சுத்தமானதும் உள்ளங்கை அரை அங்குலம் மேலே நகரும், அடுத்த வகிடு விழும். இப்படியே தொடை, இடுப்பு, விலா. "திரும்புடா ராஜா" என்றால் ராஜா பெருமூச்சு விட்டுக்கொண்டு மறுபக்கம் புரளும்.

கண்ணை மூடிக்கொண்டால்கூட வேலை எதுவரை வந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். செத்த உள்முடி அடைத்திருக்கும் இடத்தில் பிரஷ் மந்தமாக, கரகரவென்று இழுக்கும். நாலைந்து இழுப்புக்குப் பிறகு அந்தக் கரகரப்பு மெலியும். கடைசியில் 'சர்' என்று ஒரே ஓசை. அவர் அந்தச் சத்தத்துக்காகத்தான் காத்திருக்கிறார். அது வந்ததும் நகர்ந்துவிடுவார், அழகுக்காக இன்னொரு இழுப்பு இழுப்பதில்லை. இந்த நிறுத்தம்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

சிக்கு விழும் இடம் காதின் பின்புறம். அங்கே பிரஷ் கிடையாது. சிக்கின் வேரை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சீப்பின் கடைசிப் பல்லால் நுனியிலிருந்து பிரிப்பார். இழுப்பு விரலோடு நின்றுவிடும், தோலுக்குப் போகாது. சடை பின்னத் தெரிந்த கைகளுக்கு இதெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்லை. போகிற போக்கில் விரலிடுக்கிலும் காது மடிப்பிலும் உண்ணி தேடிவிடுவார்.

ஒரே இழுப்பில் கூடை நிறைய முடி வரும் என்று கடைகளில் விற்கும் பிளேடு வைத்த கருவியைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை, எனக்கும் இல்லை. அளவாகப் பட்டால் உதவும். அழுத்தி இழுத்தால் உள்முடியோடு காவல் முடியையும் அறுத்துவிடும். குவியலைப் பார்த்து மயங்குகிறவர்களுக்கு எது வந்தது என்று பார்க்கத் தோன்றாது.

குளிப்பாட்டுவது சீவிய பிறகுதான். சிக்கோடு நனைத்தால் அது இறுகிப் பந்தாகிவிடும். குளிப்பாட்டியதும் பலர் துண்டால் துவட்டிவிட்டு அப்படியே விடுகிறார்கள். மேல்முடி காய்ந்து, அடியில் ஈரம் தங்கி, நம் ஊர்ப் புழுக்கத்தில் புண் வைக்கும். இதற்கு ப்ளோயர் வேண்டும். சூட்டால் உலர்த்துவதைவிடக் காற்றின் வேகத்தால் தண்ணீரை விரட்டுகிற ரகம். நாற்று வயலில் காற்று இறங்கும்போது பயிர் விலகித் தண்ணீர் மினுங்குமே, அதேபோல முடி வட்டமாகப் பிளந்து தோல் தெரியும். அந்த வட்டம் கழுத்திலிருந்து வால்வரை மெல்ல நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சீவுவதில் விட்டுப்போன இடம் இருந்தால் அங்கே வட்டம் திறக்காது, குட்டு வெளிப்பட்டுவிடும்.

சித்திரை பிறந்ததும் யாராவது ஒருவர் வந்து, "பாவம், மொட்டை அடிச்சு விட்டுடுங்களேன்" என்பார். பழநிக்கு வேண்டிக்கொண்டாலொழிய வேண்டாம். நமக்குத் தோலெல்லாம் வியர்க்கிறது, முடி குறைந்தால் காற்றுபட்டுக் குளிரும். நாய் நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. வியர்வை பாதங்களில் மட்டும். மழித்தால் வெயில் நேரே தோலில் இறங்கும். உள்முடி சீக்கிரம் வளர்ந்துவிடும், காவல் முடி பின்தங்கும், சில நாய்களுக்குத் திட்டுத்திட்டாக மாதக்கணக்கில் வளராமலே நிற்கும். செத்த உள்முடியை எடுத்துவிட்டால் காற்று உள்ளே ஓடும். கோடைக்கு அதுதான் வைத்தியம்.

சேர்ந்த கம்பளியை என்ன செய்வது? வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் கோஸ்ட் சாலிஷ் மக்கள் இதற்கென்றே ஒரு நாயினத்தை வளர்த்து, முடியைக் கத்தரித்துப் போர்வை நெய்தார்கள். அந்த இனம் அழிந்துவிட்டது. 1859இல் இறந்த 'மட்டன்' என்ற நாயின் தோல் மட்டும் அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லைன்மேன் வீட்டு மூட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் போர்வை ஞாபகம் வரும். ஆனால் சென்னையில் அதை யார் போர்த்திக்கொள்வது? குருவி கூடு கட்டட்டும் என்று மாடிச் சுவரில் வைப்பவர்கள் உண்டு. உண்ணி மருந்து தடவிய நாயென்றால் அதுவும் கூடாது. பிரிட்டனில் சிறு பறவைகளின் கூடுகளை ஆராய்ந்தபோது கூட்டில் வைத்த முடியில் அந்த மருந்தின் எச்சம் இருந்தது. ராஜாவுக்கு மாதாமாதம் மருந்து உண்டு. எனவே லைன்மேன் வீட்டு மூட்டை மாநகராட்சி வண்டிக்குத்தான் போகிறது.