பத்துக்கு ஐந்து இருக்கிறது

துருக்கிய மொழியைப் பிறநாட்டாருக்குக் கற்பிக்கப் புகுந்த பாடநூல்களுள் பல, மாணாக்கன் எண்களை எண்ணிப் பழகி முடிப்பதற்குள்ளாகவே, கடிகார முகமொன்றை அவன்முன் நிறுத்தி, "ஸாஅத் கச்?", மணி எத்தனை, என்று வினவத் தொடங்கிவிடுகின்றன. அயலூரில் வண்டியேறுபவனுக்கு உடனடியாக வேண்டுவது இதுவே என்னும் நியாயம் இவ்வழக்கத்துக்கு உண்டு. அதை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆயினும், அம்மொழியின் இலக்கண நுட்பங்களிற் பாதி இச்சிறு பாடத்துக்குள் குடியிருக்கின்றன என்பதை அந்நூல்கள் உணர்ந்தனவாகத் தெரியவில்லை.

பத்து மணி ஐந்து நிமிஷத்தை அவர்கள் "ஓனு பெஷ் கெசியோர்" என்பர். பத்தை ஐந்து கடக்கிறது என்பது நேர்ப்பொருள். பத்தாக ஐந்து நிமிஷம் இருக்கையில் "ஓனா பெஷ் வார்", அதாவது பத்துக்கு ஐந்து இருக்கிறது. 'ஓன்' என்னும் எண்ணுப்பெயர் முன்னதில் இரண்டாம் வேற்றுமையையும் பின்னதில் நான்காம் வேற்றுமையையும் ஏற்று நிற்கக் காண்கிறோம். எத்தனை மணிக்கு வந்தான் என்று கேட்டாலோ, முற்று எச்சமாகிவிடும்: "ஓனு பெஷ் கெசெ", பத்தை ஐந்து கடக்க, "ஓனா பெஷ் கலா", பத்துக்கு ஐந்து எஞ்ச. பொழுது புலரப் புறப்பட்டான் என்று பேசிப் பழகிய தமிழனுக்கு இந்தச் 'செய' என்னும் வாய்பாட்டு எச்சம் பிறந்த வீட்டு உறவுபோல் தோன்றும். கால்டுவெல் 1856-இல் திராவிட மொழிகளைத் துருக்கியும் அடங்கிய 'சித்திய' இனத்தோடு உறவுபடுத்தியதை இன்று அறிஞர் ஏற்பதில்லையாயினும், அவர் எதனால் மயங்கியிருப்பார் என்பது இவ்விடத்தில் விளங்குகிறது. இகி, அல்தி, யெதி என உயிரில் முடியும் எண்கள் இரண்டாம் உருபை ஏற்கையில், யகரம் ஒன்று நம் உடம்படுமெய்யைப் போலவே இடையில் வந்து நிற்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

இவ்வளவு ஐசுவரியத்தையும் பாடநூல் என்ன செய்கிறது? பன்னிரண்டு எண்களுக்கும் இருவகை வடிவங்களைப் பட்டியலிட்டு, நெட்டுருப் போடு என்கிறது. நானும் போட்டேன், முள்ளை எங்கே நிறுத்தினாலும் தடையின்றிச் சொல்வேன். பின்பு ஒருநாள் பாலத்தைக் கடந்தேன் என்று எழுத வேண்டியிருந்தபோது அகராதியைப் புரட்டினேன். நாள்தோறும் நான் ஒப்பித்த அதே 'கெச்' என்னும் வினையும் அதே இரண்டாம் வேற்றுமையும் அங்கே இருக்கக் கண்டு வெட்கினேன்.

மனனத்துக்கும் ஒரு வலிமை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. 1938 நவம்பர் 10-ஆம் நாள் காலை ஒன்பது ஐந்துக்கு இஸ்தான்புல்லின் தொல்மாபாஹ்சே அரண்மனையில் அத்தாதுர்க் உயிர் நீத்தார். ஆண்டுதோறும் அந்நேரத்தில் சங்கு ஊத, வண்டிகள் நிற்க, ஜனங்கள் மௌனம் காக்கும் அந்நாட்டில், "தொகுஸு பெஷ் கெசெ" என்னும் தொடரை வேற்றுமையின் பெயரையே அறியாத குழந்தையும் பிழையின்றிச் சொல்லும்.

தேதிப் பாடத்தின் குறை வேறுவகை. இலக்கணச் சிக்கல் அதில் சொற்பம்; நாள், மாதம், ஆண்டு என்பது வரிசை, ஆண்டையும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து மூன்று என்று நாம் விரிப்பதுபோலவே விரிப்பர். இங்கு மனனமே போதுமாயினும், மனத்தில் ஒட்டவைக்கும் கதைகளை நூல்கள் சொல்வதில்லை. நிஸான், தெம்மூஸ், எய்லூல் ஆகியவை பாபிலோனியப் பஞ்சாங்கத்தின் சந்ததி. மார்த்தும் மாயிஸும் உரோமர் சொத்து. அடுப்பு என்று பொருள்படும் 'ஒஜாக்', விதைப்பு என்று பொருள்படும் 'எகிம்' ஆகிய இரண்டும் ஜனவரிக்கும் அக்டோபருக்கும் 1945-இல் சட்டத்தின் வழியே வந்தவை. ஞாயிறு 'பஸார்', அதாவது சந்தை. திங்களோ 'பஸார்தெஸி', சந்தைக்கு மறுநாள்.

எனக்கு வகுப்பு நடத்தும் அதிகாரம் இருந்தால் வரிசையை மாற்றுவேன். பேருந்து நிலையத்துப் பலகையில் 14.30 என்றிருப்பதை "ஓன் தொர்த் ஓதுஸ்", பதினான்கு முப்பது, என்று உருபின்றியே படித்துவிடலாம். முதல் மாதத்துக்கு அது போதும். கடிகார முகத்தை வேற்றுமைப் பாடம் முடிந்தபின் வெளியில் எடுத்தால், பன்னிரண்டரை மணியை மாத்திரம் எண்ணே சேர்க்காமல் 'யாரிம்', வெறும் அரை, என்று சொல்லும் மரபு ஒன்றே நெட்டுருவுக்கு மிஞ்சும்.