போன் எண்ணின் பயணத்தை எப்படி ரசிப்பது?

புதுச்சேரியைச் சேர்ந்த கனகசெட்டிக்குளத்தில் பஸ் ஏறி கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி நகரத்துக்குப் போகிறவர், காலாப்பட்டைத் தாண்டியதும் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறார். பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் கடந்தால் மறுபடியும் புதுச்சேரி. பெட்ரோல் விலை மாறுகிறது, போலீஸ் மாறுகிறது. பையிலிருக்கும் செல்போனுக்கு மட்டும் எல்லை தெரிவதில்லை. தொலைத்தொடர்புக் கணக்கில் இரண்டும் ஒரே தமிழ்நாடு வட்டம்.

அதே போன் மாஹேவுக்குப் போனால் கேரள வட்டத்தில் இருக்கும்; ஏனாமுக்குப் போனால் ஆந்திர வட்டத்தில். இரண்டும் புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்ட ஊர்கள்தான். தரைவழி போனின் எஸ்.டி.டி. எண்களும் இதையே சொல்கின்றன. புதுச்சேரிக்கு 0413, காரைக்காலுக்கு 04368. மாஹேவுக்குத் தலச்சேரியின் 0490, ஏனாமுக்குக் காக்கிநாடாவின் 0884. விழுப்புரம் மாவட்டத்திலுள்ள ஆரோவிலுக்கோ புதுச்சேரியின் 0413. ஆக, எண்களுக்கென்று தனி வரைபடம் ஒன்று இருக்கிறது. அதைப் படிக்கப் பழகுவதுதான் ரசனையின் முதல் படி.

அடுத்து கவனிக்க வேண்டியது, எண்ணை அழுத்திய பிறகு மணி அடிக்கும் வரையிலான மௌனம். அழைப்பு வழி தேடுவது அப்போதுதான். பாரிஸிலிருந்து ஒருவர் கனகசெட்டிக்குளத்து வீட்டின் தரைவழி போனை அழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 00, பிறகு 91, பிறகு 413. முன்னாலிருந்த பூஜ்யம் இந்தியாவுக்குள் மட்டுமே பயன்படுவதால் அது உதிர்ந்துவிடுகிறது. பிரான்ஸின் இணைப்பகத்துக்கு 91 தெரிந்தால் போதும், அழைப்பை இந்தியா பக்கம் அனுப்பிவிடும். 413ஐப் படிப்பது இந்திய இணைப்பகத்தின் வேலை. வழி கேட்டுப் போகிறவருக்கு ஒவ்வொரு முனையிலும் அடுத்த திருப்பம் மட்டும் சொல்லப்படுவது போல.

செல்போனில் கதை இன்னும் சுவையானது. போன் நடமாடுவதால் எண்ணை வைத்து இருப்பிடத்தைச் சொல்ல முடியாது. கனகசெட்டிக்குளத்து சிம் பாரிஸ் விமான நிலையத்தில் விழித்துக்கொள்கிறது. அதற்குள் பதிந்திருக்கும் அடையாள எண் 404 அல்லது 405 என்று தொடங்கினால் அது இந்திய சிம். பிரெஞ்சு நெட்வொர்க் அந்த மூன்று இலக்கத்தை எடுத்துவிட்டு 91 போடுகிறது; நிறுவனத்தைக் குறிக்கும் இலக்கங்களையும் அதற்குரிய எண்ணாக மாற்றுகிறது. இப்படிக் கிடைப்பதுதான் குளோபல் டைட்டில், அதாவது உலகம் முழுக்கச் செல்லும் முகவரி.

இது ஏன் தேவை? எஸ்.எஸ்.7 என்ற சமிக்ஞை முறையில் ஒவ்வொரு இணைப்பகத்துக்கும் பாயின்ட் கோடு என்ற உள்முகவரி உண்டு. சர்வதேச முறையில் அதற்கு 14 பிட்டுகள்தான். மொத்தம் 16,384 முகவரிகள். ஒரு நாட்டின் உள்கோடுகள் இன்னொரு நாட்டுக்குப் புரியாது. எனவே எல்லைகளில் குளோபல் டைட்டிலைப் படித்து, அடுத்த கட்டத்துக்கான பாயின்ட் கோடாக மாற்றி அனுப்புகிறார்கள். பிரெஞ்சு நெட்வொர்க்கின் செய்தி சிம்மின் தாய்ப் பதிவேடான எச்.எல்.ஆருக்கு வந்து சேர்ந்ததும், ‘இவர் இப்போது பாரிஸில்’ என்ற குறிப்பு அங்கே ஏறுகிறது. பேச்சு ஒரு பாதையில் போக, இந்த விசாரிப்பெல்லாம் தனிப் பாதையில் நடக்கிறது.

இந்தியாவுக்குள் இன்னொரு விசாரிப்பும் உண்டு. 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளலாம். முதல் சில இலக்கங்களைப் பார்த்தே இது இன்ன கம்பெனி என்று சொல்லிவிடும் பழக்கம் அதோடு பொய்த்தது. அழைப்பு புறப்படும்போதே, எண் இப்போது யாரிடம் இருக்கிறது என்று தரவுத்தளத்தில் பார்த்த பிறகே வழி முடிவாகிறது.

இதையெல்லாம் நேரில் பார்க்க ஒரு பழைய பட்டன் போன் போதும். அதை அணைத்துவிட்டு, டெலிவரி ரிப்போர்ட் கேட்டு இன்னொரு போனிலிருந்து அதற்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். செய்தி மையத்தில் காத்திருக்கும். பட்டன் போனை உயிர்ப்பித்தால் அது முதலில் தன் இருப்பைப் பதிவுசெய்யும், எச்.எல்.ஆர். அதைச் செய்தி மையத்துக்குத் தெரிவிக்கும். மையம் மறுபடி வழி கேட்டு எஸ்.எம்.எஸ்.ஸை அனுப்பும். இந்த வரிசை தெரிந்தவருக்கு, திரையில் சிக்னல் கோடுகள் எழுவதற்கும் செய்தி வந்து விழுவதற்கும் நடுவிலுள்ள அந்தச் சில நொடிகளில் பார்க்க நிறையவே இருக்கிறது.