அகலம் கிடக்கட்டும், நட்டைப் பாருங்கள்

ஏடிவிக்குப் பின் ஆக்சில் மாற்றப் போகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "அகலம் எத்தனை அங்குலம் கூடும்?" என்பதுதான். என் பழைய யமஹா பான்ஷியில் ஒரு குரோமோலி ஆக்சில் செட்டைப் பூட்டி, சில வாரங்களாக மணலிலும் கல்பாதையிலும் ஓட்டிவிட்டேன். "நட்டு எப்படிப் பிடிக்கிறது?" என்றுதான் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

பான்ஷியின் ஜாதகம் எல்லோருக்கும் தெரியும். 1987 முதல் 2006 வரை அமெரிக்காவில் விற்ற வண்டி. 347 சிசி, இரட்டை சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக். நம்மூர் ராஜ்தூத் 350 வந்த அதே ஆர்டி வம்சம், தண்ணீர்க் குளிர்ச்சியோடு. அந்தச் சத்தத்துக்காக நான் எதையும் பொறுத்துக்கொள்வேன். ஆகவே என் தீர்ப்பில் கொஞ்சம் பாசம் கலந்திருக்கும்.

பின்னால் டிஃபரென்ஷியல் கிடையாது. ஒரே தண்டு இரண்டு சக்கரங்களையும் சேர்த்துச் சுற்றுகிறது. வளைவில் ஏதோ ஒரு டயர் வழுக்கியே தீரும். மேட்டிலிருந்து தாவி இறங்கினால் அடி முழுவதும் நடுவிலுள்ள பேரிங் கூட்டுக்குப் போகிறது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் பின்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தின் தலையையும் காலையும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால் பேரிங் போய்விட்டது. சக்கரத்தைச் சுற்றவிட்டால் ஆக்சில் முனை வட்டமடிக்கிறதா? தண்டு வளைந்திருக்கிறது. என் வண்டியில் இரண்டும் இருந்தன. இந்த வயதில் அது ஆச்சரியமில்லை.

என் எரிச்சல் வேறு. பழைய ஏற்பாட்டில் ஆக்சிலில் ஹப்பைப் பிடிக்க இரண்டு மெல்லிய, பெரிய நட்டுகள் ஒன்றையொன்று எதிர்த்து இறுகி நிற்கும். அவற்றுக்கான ஸ்பானர் சாதாரணப் பெட்டியில் இருக்காது. அதனால் உளியை வைத்துச் சுத்தியலால் தட்டுவது உலக வழக்கமாகிவிட்டது. என் நட்டுகளின் காதுகளில் எத்தனை பேரின் உளி பட்டிருக்கிறதோ! நட்டு மழுங்கும், மரை நசுங்கும், சரியான இறுக்கம் விழவே விழாது. நட்டு தளர்ந்தால் ஹப் ஆடும்; ஹப் ஆடினால் அது பொருந்தி நிற்கும் ஆக்சில் பற்களான ஸ்ப்லைன் தேயும். தேய்ந்த ஸ்ப்லைனுக்கு லாக்டைட் மருந்தாகாது, ஆக்சிலையே தூக்கிப்போட வேண்டியதுதான். ஒரு ஸ்பானர் வாங்கச் சோம்பியதற்கு இவ்வளவு பெரிய தண்டம்.

புது செட்டில் வந்தது பிளவு நட்டு. ஸ்பானரால் இறுக்கி நிறுத்திவிட்டு, ஆலன் கீயால் ஓரத் திருகுகளை முடுக்கினால் அது மரையைச் சுற்றிக் கவ்விக்கொள்கிறது. நட்டின்மேலும் ஆக்சிலின்மேலும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு போட்டு வைத்தேன். இத்தனை குலுக்கலுக்குப் பிறகும் கோடு பிசகவில்லை. கொடுத்த காசில் எனக்கு நிறைவு தந்த பாகம் இதுதான்.

செட் செய்த கம்பெனிமேல் கோபமும் உண்டு. உள்ளே இருந்த தாளில் முறுக்கு அளவு இல்லை, இரண்டு பேரிங்குகளுக்கு நடுவே வரும் ஸ்பேசர் குழாயைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்தக் குழாய் இல்லாமல் நட்டை இறுக்கினால் பேரிங்குகளின் உள்வளையங்கள் ஒன்றையொன்று நோக்கி நெருக்கப்பட்டு, புது பேரிங் சீக்கிரமே கரகரக்கத் தொடங்கும். "தேர்ந்த மெக்கானிக்கை அணுகவும்" என்று அச்சடிக்க இடம் இருந்தவர்களுக்கு இதை எழுத இடம் இல்லையா?

அகலத்துக்கு வருகிறேன். யமஹா கொடுத்த அளவு சுமார் 43 அங்குலம். பக்கத்துக்கு இரண்டு கூட்டியதில் சரிவுகளில் வண்டி பதறாமல் நிற்கிறது, மறுக்கவில்லை. பக்கத்துக்கு நான்கு கூட்டினால் 51 ஆகும். அமெரிக்க வனத்துறையின் ஏடிவி பாதைகள் பலவற்றில் 50 அங்குலம்தான் வரம்பு. தவிர, சக்கரம் தள்ளிப் போகப் போக பேரிங்குக்கு நெம்புகோல் சுமை கூடும். தண்டு வளையாத அளவுக்குப் பலமாகிவிட்டால், வாங்கிய அடி பேரிங் கூட்டுக்கும் ஸ்விங் ஆர்முக்கும் போய்ச் சேரும்.

ஆகவே பணம் கொஞ்சமாக இருந்தால் முதலில் பேரிங், சீல், ஸ்பேசர், பிளவு நட்டு. தண்டு வளைந்திருந்தாலோ ஸ்ப்லைன் தேய்ந்திருந்தாலோ மட்டும் ஆக்சில். அகலம் கடைசி. வண்டியைக் கழுவும்போது பிரஷர் வாஷரை ஆக்சில் பக்கம் திருப்பவே திருப்பாதீர்கள். சீலைத் தாண்டித் தண்ணீர் போனால், எந்த விலை பேரிங்கும் துருப்பிடித்துத்தான் போகும்.