முட்டும் வீசிங்கும்

சென்ற மாசியில் மதுரைக்குப் போயிருந்தேன். அங்கே கிளினிக் நடத்தும் நண்பர் பேச்சுவாக்கில் கேட்டார்: "இன்னமும் ஸ்டெத் வச்சுக் கேட்டுத்தான் ஆஸ்துமா கண்டுபிடிக்கச் சொல்லித் தர்றீங்களா சார், உங்க யாழ்ப்பாணத்துல?" அவர் குத்தலாகக் கேட்கவில்லை. ஆனாலும் எனக்குச் சுட்டது.

ஓம், சொல்லித் தருகிறோம். யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் சமுதாய மருத்துவமும் குடும்ப மருத்துவமும் ஒரே துறை. எனக்குக் கற்பித்த முதிய குடும்ப வைத்தியர் சட்டையைக் கழற்றாமல் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்க விடமாட்டார். முதுகில் இரு பக்கமும் ஒப்பிட்டுக் கேட்க வேண்டும். எங்கும் பல சுருதியில் விசில் கேட்டால் தொய்வாக, அதாவது ஆஸ்துமாவாக, இருக்கலாம். குழந்தைக்கு ஒரே இடத்தில் ஒரே சுருதி என்றால் கச்சான் (நிலக்கடலை) ஏதும் புரையேறியதா என்று தாயிடம் கேள் என்பார். பிறகு குழாயைத் தொண்டைக் குழியில் வைத்து, "நல்லா மூச்சை இழுத்து, வாயைத் திறந்து முழுக்க ஊதுங்கோ ஐயா" என்பார். கண் கைக்கடிகாரத்தில் இருக்கும். ஆரோக்கியமானவருக்கு நாலு விநாடிக்குள் சத்தம் அடங்கும். ஆறைத் தாண்டினால் சுவாசக் குழாய்கள் ஒடுங்கியிருக்கின்றன. காற்று வெளியேற வழியில்லாமல் இழுபடுகிறது.

நண்பரின் கிளினிக்கில் ஒரு காலை இருந்தேன். சட்டைக்கு மேலே நாலு தொடல், உடனே நெபுலைசர். வாசலில் அத்தனை சனம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வேலூர் சி.எம்.சி. போன்ற சில இடங்களைத் தவிர, இந்தியாவின் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளில் குடும்ப மருத்துவத்துக்குத் தனித்துறை இல்லை. பக்கத்தில் இருந்து காது பழக்க ஆளில்லாமல் அங்கே படிக்கும் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

அங்கே வந்தவர்களெல்லாம் "வீசிங் இருக்கு டாக்டர்" என்றார்கள். எங்கள் ஆட்கள் "முட்டாக் கிடக்கு டொக்டர்" என்பார்கள். வீசிங் என்பது சத்தத்தின் பெயர். முட்டு என்பது அடைப்பின் பெயர். இந்த வித்தியாசம் சிறியதல்ல. அடைப்பு முற்றி, காற்றே அசையாதபோது விசிலும் நின்றுவிடும். மௌனமான நெஞ்சுதான் மிக ஆபத்தானது. வீசிங் நின்றதென்று வீட்டார் ஆறுதல் கொள்ளும் நேரத்தில், முட்டு என்ற சொல் அவர்களை ஆஸ்பத்திரிக்கு ஓட வைக்கும். மதுரையிலும் நண்பரின் அம்மா "இளைப்பு" என்றுதான் சொன்னார்; நல்ல சொல், அதைப் பிள்ளைகள் விட்டுவிட்டார்கள்.

சென்னை மருத்துவக் கல்லூரி 1835இல் தொடங்கியது, மூப்பு அவர்களுடையது. ஆனால் 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்கர் சாமுவேல் கிறீன், மேல்நாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியர்களைப் பயிற்றினார். நோயாளியின் சொல்லைக் காது கொடுத்துக் கேட்கும் வழக்கம் எங்களுக்கு அங்கிருந்து வந்தது என்றே நம்புகிறேன்.

நண்பரின் மேசையில் ஸ்பைரோமீற்றர் இருந்தது. இலேசான அடைப்பு எந்தக் காதுக்கும் எட்டாது, அதை ஊதிப் பார்த்துத்தான் பிடிக்க முடியும். எங்கள் கிராமத்து வைத்தியசாலைகளுக்கும் அந்தக் கருவி வரவேண்டும். அதுவரைக்கும், வந்த பிறகும், இரு கரையிலும் உள்ள இளம் டொக்டர்மாருக்கு ஒன்று சொல்வேன்: சட்டையை விலக்கிக் கேளுங்கள், சத்தம் இல்லை என்பதற்காக, மூச்சு வாங்கும் ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.